கட்டணம் கட்டி அகழாய்வுக்குப் போகும் முன்: ஒரு வேட்டை மாளிகையைத் தேடிய பத்து நாள்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் வயலில், பதின்மூன்றாம் நூற்றாண்டு மன்னர் ஒருவரின் வேட்டை மாளிகையைத் தேடிய பத்து நாள் அகழாய்வில் மண்டியிட்டு வேலை செய்தேன். அதற்காக நான் செலவிட்டது 1,856 பவுண்டு. சேர்வதற்கு முன் எதைக் கேட்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. போன பணத்தைவிட, அந்த வயலின் ஒரு மூலையில் கண்ணெதிரே அழிந்துபோன சான்றுதான் இன்றும் என் மனத்தை அறுக்கிறது. என்னைப் போல ஆசையோடு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திருமணத்துக்கு முன் திருச்சியில் ஆறு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தேன். லெஸ்டருக்கு வந்த பிறகு கணக்கு எழுதும் வேலைதான் கிடைத்தது. மகள் கல்லூரிக்குச் சென்றபின் வாரக் கடைசிகளில் பழைய இடங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அப்படித்தான் நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள கிங்ஸ் கிளிப்ஸ்டன் என்ற ஊருக்குப் போனேன். வயல் நடுவே சில சுவர்கள் மட்டும் நிற்கின்றன. முகப்புக் கற்களைப் பிற்காலத்தவர் பெயர்த்துக்கொண்டு போய்விட, உள்ளே திணித்த கல்லும் சாந்தும்தான் எஞ்சியிருக்கின்றன. ஜான் மன்னரின் அரண்மனை என்று ஊரார் அழைத்தாலும், அதை அரச இருப்பிடமாக வளர்த்தவர் அவருடைய தந்தை இரண்டாம் ஹென்றி. ஜான் அங்கே தங்கியது சில நாள்களே. ரிச்சர்ட் மன்னர் சிறையிலிருந்து மீண்டு, நாட்டிங்ஹாம் கோட்டையைப் பிடித்த கையோடு 1194-இல் அங்கே சென்றிருக்கிறார். 1290-இல் முதலாம் எட்வர்ட் அங்கே நாடாளுமன்றத்தையே கூட்டியிருக்கிறார். மான் வேட்டைக்கு வந்து தங்கும் இடம் நாட்டின் ஆட்சி நடக்கும் இடமாகவும் இருந்தது என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது, இப்படி ஓர் இடத்தில் ஒரு முறையாவது என் கையால் மண்ணைத் தொட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்த ஆண்டு ஜனவரியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மூன்றாம் ஹென்றி காலத்து ஆவணமொன்றில் குறிப்பிடப்படும் வேட்டை மாளிகை இன்ன வயலில் இருக்கலாம், இரண்டு வாரப் பயிற்சி அகழாய்வு, அனுபவம் தேவையில்லை, கட்டணம் 780 பவுண்டு, திருப்பித் தரப்படமாட்டாது. ஊரின் பெயரையும் நடத்தியவர்களின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். நான் அன்றிரவே பணத்தைக் கட்டிவிட்டேன். அதுதான் என் முதல் தவறு. இந்தியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட இடத்தில் யாரும் அகழ முடியாது. எங்கே தோண்டினாலும் தொல்லியல் துறையின் பார்வை இருக்கும் என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவள் நான். இங்கும் அரசின் அனுமதி பெற்றுத்தான் தோண்டுவார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அரசின் பாதுகாப்பு அட்டவணையில் சேர்க்கப்பட்ட நினைவுச்சின்னமாக இருந்தால் மட்டுமே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் ஒப்புதல் வேண்டும். அட்டவணையில் இல்லாத தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சரி என்று சொன்னால் யாரும் குழி தோண்டலாம். கிடைக்கும் பொருள்கள், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும் பொன், வெள்ளி போன்றவை நீங்கலாக, நிலத்துக்காரருக்கே உரியவை. ஆகவே, அகழாய்வு நடக்கிறது என்பதாலேயே அது முறையாக நடக்கிறது என்று பொருளாகாது. இந்த ஓர் உண்மையை ஜனவரியிலேயே அறிந்திருந்தால் நான் வேறு கேள்விகள் கேட்டிருப்பேன்.

பணம் கட்டியபின் ஆறு மாதம் இருந்ததால் நிறையப் படித்தேன். அந்தப் படிப்பு வீண் போகவில்லை. அக்காலத்தில் 'ஃபாரஸ்ட்' என்றால் மரம் அடர்ந்த காடு என்று மட்டும் பொருளில்லை. மன்னரின் வேட்டைச் சட்டம் செல்லுபடியாகும் நிலப்பரப்பு முழுவதும், வயலும் ஊரும் உட்பட, ஃபாரஸ்ட்தான். அந்தச் சட்டத்தின் கடுமையைத் தணிக்கவே 1217-இல் காட்டுச் சாசனம் வெளியிடப்பட்டு, மானைக் கொன்றதற்காக எவருக்கும் உயிரோ உறுப்போ பறிக்கப்படாது என்று உறுதி தரப்பட்டது. வேட்டை மாளிகை என்பதும் ஒற்றைக் கட்டடமாக இருப்பதில்லை. கூடம், வழிபாட்டிடம், சமையற்கட்டு, குதிரை லாயம், அரசியின் அறை என்று தனித்தனிக் கட்டடங்கள் ஒரு வேலிக்குள்ளோ அகழிக்குள்ளோ இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மரத்தால் கட்டப்பட்டவை. சால்ஸ்பரி அருகிலுள்ள கிளாரண்டன் அரண்மனையைப் போலக் கல்லும் வண்ண ஓட்டுத் தரையுமாகச் செழித்த இடங்கள் குறைவு. மரக் கட்டடம் மண்ணுக்குள் விட்டுச் செல்வது பெரும்பாலும் கம்பம் நட்ட குழியின் கறுத்த வட்டத்தை மட்டுமே. எனவே வேட்டை மாளிகையைத் தேடுகிறவர்கள் கல் சுவரைத் தேடினால், தேடும் பொருளே கைநழுவிப் போகக்கூடும். இதை நான் படித்திருந்தேன். ஆனாலும், வயலில் கல் தெரிந்த நொடியில் நானும் மறந்துவிட்டேன்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் மெத்தை, மழைக்கோட்டு, இரும்பு முனைக் காலணி, நான்கு அங்குலக் கரணை ஆகியவற்றுக்கு 168 பவுண்டு. அருகிலிருந்த ஊரில் பன்னிரண்டு இரவு தங்க 552 பவுண்டு. ரயிலுக்கும் டாக்சிக்கும் 146 பவுண்டு. ஊருக்குப் போவதற்காகச் சேர்த்து வைத்திருந்த விடுப்பில் எட்டு நாள் போயிற்று; மீதி இரண்டு நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள், அது 210 பவுண்டு. இவற்றுள் கரணைக்கும் முழங்கால் மெத்தைக்கும் கொடுத்த பணம்தான் முழுமையாகப் பயன்பட்டது. கரணை வாங்குவதானால், அலகும் காம்பும் ஒரே இரும்பில் அடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டவைத்த அலகு இறுகிய களிமண்ணில் இரண்டாம் நாளே ஆடிவிடும். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் கை கிழிவது அன்றாடம் நடப்பது.

முதல் நாள் திங்கட்கிழமை. பொக்லைன் இயந்திரம் மேல்மண்ணை வாரி எடுத்துவிட்டிருந்தது. இருபத்தாறு பேர் வந்திருந்தோம்; எங்களைக் கவனிக்க இரண்டே மேற்பார்வையாளர்கள். தோண்டாமலே கருவியால் நிலத்தடியைப் பார்க்கும் அளவாய்வின் படத்தில் ஒரு நீள்சதுரம் தெரிந்தது. அதன்மேல்தான் முதல் குழி. கருவி காட்டுவது மண்ணுக்குள் ஏதோ வேறுபாடு இருக்கிறது என்பதை மட்டும்தான். அது எந்த நூற்றாண்டினது என்று அது சொல்லாது. அதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 'மாளிகை' என்றே அந்தப் படத்தைக் குறிப்பிட்டார்கள். இரண்டாம் நாள் முழுவதும் வரிசையாக மண்டியிட்டு, கரணையின் விளிம்பால் மண்ணைத் தோல் உரிப்பதுபோல் சுரண்டிக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தோம். மூன்றாம் நாள் காலை கல் தெரிந்தது. முதலில் ஒரு கல், பிறகு அதற்குப் பக்கத்தில் வெண்மையான சுண்ணாம்புச் சாந்து, மதியத்துக்குள் ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளத்துக்கு அடிச்சுவர். அதன் ஓரத்தில் என் கரணையில் பச்சை மெருகு பூசிய பானை ஓடு ஒன்று பட்டது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. துடைத்ததும் வாழைக்குருத்தின் நிறத்தில் பளபளத்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கையிலிருந்த குடத்தின் துண்டு என் உள்ளங்கையில் கிடக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. அந்த மகிழ்ச்சி உண்மையானது. அதை இன்றும் நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

நான்காம் நாள் அந்தச் சுவரின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்காக, தளர்ந்திருந்த ஒரு கல்லை அகற்றச் சொன்னார்கள். அகற்றினேன். கல்லுக்குக் கீழே சாந்து. சாந்துக்குக் கீழே சாம்பல் நிற மண். அந்த மண்ணில் வெள்ளையாக ஒரு சிறு குழல், பென்சில் பருமனில், இரண்டு அங்குல நீளத்தில், நடுவே நூல் நுழையும் அளவுக்குத் துளையோடு கிடந்தது. புகைபிடிக்கும் களிமண் சுங்கானின் தண்டு. புகையிலையே பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இங்கிலாந்தில் பரவியது. சுங்கான் சுவருக்குக் கீழே கிடக்கிறது என்றால், சுங்கானுக்குப் பிறகுதான் சுவர் எழுந்திருக்க வேண்டும். மூன்றாம் ஹென்றிக்கும் அந்தச் சுவருக்கும் தொடர்பு இருக்க முடியாது. எனக்கு நெஞ்சு படபடத்தது. மேற்பார்வையாளரை அழைத்துக் காட்டினேன். "எலி வளை வழியாகக் கீழே இறங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அதை வாங்கிப் பொதுத் தட்டில் போட்டார். எந்த மண்ணடுக்கில், எந்தக் கல்லுக்குக் கீழே கிடைத்தது என்று எழுதவில்லை. விலங்கு வளைகளில் பிற்காலப் பொருள் கீழிறங்குவது உண்மையிலேயே நடப்பதுதான். அவர் சொன்னது தவறென்று நான் சாதிக்கவில்லை. ஆனால், மேலிருந்த சாந்து உடையாமல் ஒரே பாளமாக இருந்தது. வளை என்றால் வளையின் தடம் எங்கே என்று பார்த்திருக்க வேண்டும். பார்த்ததை எழுதியிருக்க வேண்டும். நான் மீண்டும் கேட்டபோது, வேறு மூலைக்குப் போய் வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. அகழாய்வில் பொருளைவிட அது கிடைத்த இடமே பெரியது. ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பதிவுத்தாள், ஒவ்வொரு பையிலும் அந்த எண் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். உங்கள் கையில் கிடைத்த பொருளுக்கு எண் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே உங்கள் குறிப்பேட்டில் தேதி, இடம், ஆழம், மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது என்று எழுதி, அளவுகோலை அருகில் வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அன்று எழுதினேன். அந்தப் பழக்கம் கணக்கு வேலையில் வந்தது. அது பின்னால் எவ்வளவு உதவியது என்பதை முடிவில் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் எனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. இதை எழுதத் தயங்கினேன். ஆனால், பெண்கள் கட்டாயம் அறிய வேண்டியது இதுதான். வயலில் கழிப்பறை இல்லை. பண்ணை வீட்டின் கழிப்பறைக்கு நடந்து போய் வர அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு போவதற்குக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். நிழலும் இல்லாத வயலில் நான்கு நாள்களை அப்படியே ஓட்டினேன். வெள்ளிக்கிழமை காலை சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். மாலையில் காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகில் வலியும். ஊரிலிருந்த மருந்துக் கடைக்குப் போனேன். இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல், 16 முதல் 64 வயதுள்ள பெண்களுக்குச் சாதாரணச் சிறுநீர்த் தொற்று என்றால் மருந்தாளுநரே மருந்து தரலாம். ஆனால், காய்ச்சலும் முதுகு வலியும் இருப்பதாகச் சொன்னதும் அவர், சிறுநீரகம் வரை போயிருக்கலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஐந்து மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். வாரக் கடைசி முழுவதும் அறையில் போர்வைக்குள் கிடந்தேன். மகள் தொலைபேசியில், "அம்மா, வீட்டுக்கு வந்துடுங்க, போதும்" என்று அழுதாள். கட்டிய பணமும் கேட்டு வாங்கிய விடுப்பும் கண்முன் நின்றன, போகவில்லை. அகழாய்வில் சேருமுன் கழிப்பறை எங்கே, நிழற்பந்தல் உண்டா, முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. நான் வெட்கப்பட்டதன் விலை மூன்று நாள் காய்ச்சலும் ஒரு வார ஆன்டிபயாடிக்கும்.

செவ்வாய்க்கிழமை திரும்பிப் போனபோது, இலகுவான வேலை என்று மூன்றாம் குழியில் விட்டார்கள். வயலின் கீழ்க்கோடியில், அளவாய்வில் எதுவும் தெரியாத இடத்தில், ஒப்புக்காகப் போட்ட சிறு குழி அது. அங்கே என்னோடு ஒரு பல்கலைக்கழக மாணவி மட்டுமே இருந்தாள். விலங்கு எலும்புகளைப் பற்றிப் படிப்பவள். மனிதர் கை படாத அடிமண்ணான கன்னி மண் வெளிர் மஞ்சளாக இருந்தது. தெளிப்பான் கொண்டு தண்ணீரைத் தூவியபோது, அந்த மஞ்சளில் கறுத்த வட்டம் ஒன்று மெல்லத் தெளிந்து வந்தது. தண்ணீர் காய்வதற்குள் அதன் விளிம்பைக் கரணை முனையால் கீறிக்கொண்டேன். நாற்பத்தைந்து சென்டிமீட்டர் விட்டம். சற்றுத் தள்ளித் தூவினோம், இன்னொன்று. அன்று மாலைக்குள் ஒரே நேர்கோட்டில் ஆறு வட்டங்கள், ஒன்றுக்கொன்று 2.1 மீட்டர் இடைவெளியில். முதலாவதைப் பாதி மட்டும் வெட்டிப் பார்த்தபோது, கம்பம் ஆடாதிருக்க ஓரத்தில் செருகிய கற்கள் அப்படியே நின்றன. நடுவில் மட்கிய மரத்தின் இடத்தை நிரப்பிய கறுத்த மண். நான்காவது கம்பக்குழியில் மெருகு இல்லாத, வெளிப்புறம் கரி படிந்த சமையற்பானையின் விளிம்பு ஒன்று கிடைத்தது. பக்கத்துக் குப்பைக்குழியில் எலும்புகள். மாணவி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பெரும்பாலானவை ஃபாலோ மானின் பின்னங்கால் எலும்புகள் என்றாள். அதன் பொருளை அவள் விளக்கியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இடைக்கால இங்கிலாந்தில் வேட்டையாடிய மானை அந்த இடத்திலேயே முறைப்படி கூறுபோடுவார்கள். தோள் பகுதி காவலருக்கு, இடுப்பெலும்பு காக்கைகளுக்கென்று காட்டிலேயே, பின்தொடைகள் உரிமையாளரின் இருப்பிடத்துக்கு. அதனால்தான் உயர்குடியினர் தங்கிய இடங்களில் பின்னங்கால் எலும்பு மிகுந்து கிடைக்கிறது. நாங்கள் தேடிவந்த இடம் ஒருவேளை இந்தக் கீழ்க்கோடியாகவே இருக்கலாம் என்று முதன்முதலாகத் தோன்றியது.

புதன்கிழமை ஊர் மக்களுக்கான பார்வை நாள். மேலே முதல் குழியில், 'மன்னரின் சுவர்' என்று சொல்லி எல்லோருக்கும் காட்டினார்கள். வந்தவர்களில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் குனிந்து சாந்தைக் கிள்ளிப் பார்த்தார். சுவருக்குள் கலந்திருந்த செங்கல் துண்டுகளைக் காட்டினார். பழைய கல்லை எடுத்து வந்து பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய தானியக் கொட்டில் இது என்று மெதுவாகச் சொன்னார். சுங்கானைப் பற்றி நான் அவரிடம் சொன்னதும் தலையை அசைத்தார். நடத்தியவர்களோ மீதமிருந்த இரண்டு நாளிலும் அந்தச் சுவரையே நீட்டித் தோண்டினார்கள். மூன்றாம் குழிக்கு ஒருவரை அனுப்பி அளந்து வரைந்து தாருங்கள் என்று மூன்று முறை கேட்டேன். நாளை, நாளை என்றார்கள். வியாழன் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் பெய்தது. வெள்ளி காலை மூன்றாம் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். ஓரங்கள் சரிந்து, ஆறு வட்டங்களும் சேறாகிக் கிடந்தன. இயந்திரத்தின் வாடகை அன்று மாலையோடு முடிகிறது என்று சொல்லி, பத்து மணிக்கெல்லாம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். எலும்புகள் ஒரு நீல வாளியில், சீட்டு இல்லாமல், வண்டியில் ஏறின. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் பேச முடியவில்லை. அகழ்ந்த இடத்தை மீண்டும் அகழ முடியாது. தோண்டுகிறவர் ஒவ்வோர் அடுக்காக அழித்துக்கொண்டேதான் கீழே போகிறார். எழுதி வைத்தது மட்டுமே மிஞ்சும். எழுதாவிட்டால் அந்த இடத்தை அழித்ததாக மட்டுமே ஆகும்.

அறிக்கை எப்போது வரும் என்று நான்கு முறை கேட்டு எழுதினேன். இரண்டு முறை, தயாராகிறது என்ற பதில் வந்தது. பிறகு பதிலே இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, அதன் பின்னர்தான் இவற்றைப் பற்றி விசாரித்தேன். ஒழுங்கான அகழாய்வுக்கு, தோண்டுமுன்பே ஒரு திட்ட ஆவணம் எழுதப்பட்டிருக்கும். என்ன கேள்விக்கு விடை தேடுகிறார்கள், எத்தனை குழி, பொருள்களை ஆராயப்போவது யார், எந்த அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பார்கள், அறிக்கைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஆவணத்தைக் கேளுங்கள். தயங்காமல் தருகிறவர்களிடம் மட்டும் பணம் கட்டுங்கள். அவர்களுடைய முந்தைய அகழாய்வின் அறிக்கையையும் கேளுங்கள். தொல்லியலாளர்களின் தொழில்முறை அமைப்பான பட்டயத் தொல்லியலாளர் நிறுவனத்தில் பதிவு பெற்ற அமைப்பா என்று பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'வரலாற்றுச் சூழல் பதிவகம்' என்று, தொல்லியல் இடங்களைப் பதிவு செய்யும் ஓர் அலுவலகம் உண்டு. இந்த வயலில் அகழாய்வு நடக்கப்போவது உங்களுக்குத் தெரியுமா என்று அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், பாதி உண்மை தெரிந்துவிடும். நான் சேர்ந்த அகழாய்வைப் பற்றி அவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அறிக்கை தாமதமாவது மட்டுமே குற்றமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எசெக்ஸிலுள்ள ரிட்டில் என்ற ஊரில், 1211-இல் ஜான் மன்னர் கட்டிய வேட்டை மாளிகையை 1955 முதல் 1957 வரை ஃபிலிப் ராட்ஸ் அகழ்ந்தார். அறிக்கை 1969-இல் வந்தது. கிளாரண்டனில் 1930-களில் டான்கிரட் போரேனியஸ் தொடங்கிய அகழாய்வு போர் வந்ததால் நின்றது. முழு அறிக்கை 1988-இல்தான் வெளியாயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகு வேறு ஆள்கள் அதை எழுத முடிந்ததற்குக் காரணம், அந்நாளைய குறிப்புகளும் படங்களும் பொருள்களும் எஞ்சியிருந்ததுதான். அங்கே அரசியின் அறையில் பதித்திருந்த ஓட்டுத் தரையை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். நான் போய்ப் பார்த்தேன். கூட்டத்தின் நடுவே வெகுநேரம் அதன் முன் நின்று, நீல வாளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் எங்கள் பகுதியின் தொல்லியல் சங்கமொன்றில் உறுப்பினராக இருக்கிறேன். ஆண்டுச் சந்தா மிகக் குறைவு. சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பானை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றின் மீதும் கறுப்பு மையில் எண் எழுதுகிறோம். அனுபவமுள்ளவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள். ஓடு உடைந்த விளிம்பைப் பார்த்தே எந்த நூற்றாண்டு என்று ஊகிக்க இப்போது கொஞ்சம் வருகிறது. முதல் முறை அகழாய்வுக்குப் போக விரும்புகிறவர்கள் இப்படி ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனால், வயலில் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நான் 780 பவுண்டு கட்டியும் கற்காத பலவற்றை அங்கேதான் கற்றேன்.

சென்ற ஆண்டு நவம்பரில் அந்த மாவட்டப் பதிவகத்துக்கு என் குறிப்பேட்டை எடுத்துப் போனேன். சுங்கான் கிடைத்த பக்கத்தையும், ஆறு கம்பக்குழிகளின் அளவை எழுதிய இரண்டு பக்கங்களையும், பதினேழு புகைப்படங்களையும் அங்கிருந்த அலுவலர் ஸ்கேன் செய்துகொண்டார். நான் வரைந்தது முறையான வரைபடமில்லை; வேலி மூலையிலிருந்தும் பெரிய ஓக் மரத்திலிருந்தும் முதல் கம்பக்குழிக்கு எத்தனை மீட்டர் என்று நாடாவால் அளந்து எழுதியிருந்தேன், அவ்வளவே. இரண்டு நிலையான இடங்களிலிருந்து அளந்திருப்பதால் வரைபடத்தில் குறித்துவிடலாம் என்று அவர் சொன்னார். ஒரு பக்கத்தின் ஓரத்தில் சேறு படிந்து காய்ந்திருந்தது. தட்டிவிடப் போனேன், அப்படியே இருக்கட்டும் என்று தடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, பதிவேட்டில் அந்த வயலுக்கு ஓர் எண் தரப்பட்டிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. 'ஆறு கம்பக்குழிகள், காலம் உறுதி செய்யப்படவில்லை, அகழ்ந்தோர் அறிக்கை கிடைக்கவில்லை, பங்கேற்பாளர் ஒருவரின் குறிப்பிலிருந்து' என்று எழுதியிருந்தார்கள். நான்காவது கம்பக்குழியில் கிடைத்த பானை விளிம்பைச் சேர்க்க மறந்திருந்தார்கள். அன்றிரவே எழுதி அனுப்பினேன், சேர்த்துவிட்டார்கள்.